ஒரு ஃபிளஷ், இரண்டு ஊர்க் கணக்கு

நிஜாம் காலத்து ரயில்வே 1893இல் தொடங்கிய கேரேஜ் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி வளர்ந்த பேட்டை, செகந்திராபாத்தின் லாலாகுடா. ரயில்வே வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. ஓட்டு வீடும் முற்றமுமாக இருந்த தெருக்களில் இப்போது அபார்ட்மென்ட்கள் எழுந்துவிட்டன. முன்பு கொல்லைப்பக்கம் ஒரு கக்கூஸ், ஒரு வாளி, ஒரு செம்பு. இப்போது ஃபிளாட்டுக்கு இரண்டு பாத்ரூம், இரண்டிலும் வெஸ்டர்ன் கோப்பை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இதே மாற்றம்தான். அங்கே அதைக் கொமட் என்கிறார்கள்.

கோப்பை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். தண்ணீர் வந்து சேரும் வழியும், அதற்குக் காசு கேட்கும் முறையும், கழிவு போய்ச் சேரும் இடமும் வேறு வேறு. கழிப்பறைத் தண்ணீரை மிச்சம் பிடிப்பது வீட்டாருக்கு ஒட்டுமா ஒட்டாதா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் கணக்கு. இந்தியத் திட்ட விதிகள் நகரத்தில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்திருக்கின்றன. குளிக்க 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, வீடு கழுவ 10, பாத்திரம் தேய்க்க 10, சமையலுக்கு 5, குடிக்க 5. கழிப்பறைக்கு ஒதுக்கிய 30 லிட்டர் பழைய 10 லிட்டர் டேங்க்கை மூன்று முறை அழுத்தினால் தீர்ந்துபோகும். யாரும் மூன்று முறையோடு நிறுத்துவதில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஐந்து முறை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 250 லிட்டர், மாதத்துக்கு 7,500 லிட்டர். அதே வீட்டில் பெரிய பொத்தானுக்கு 6 லிட்டரும் சிறிய பொத்தானுக்கு 3 லிட்டரும் விடும் டூயல் ஃபிளஷ் இருந்து, பெரியது ஒரு முறை, சிறியது நான்கு முறை என்று அழுத்தினால் மாதம் 2,700 லிட்டரில் முடிந்துவிடும். 4 லிட்டர், 2 லிட்டர் விடும் மாடலில் 1,800தான் ஆகும். 6–3 மாடலையே எடுத்துக்கொண்டாலும் மிச்சம் மாதம் 4,800 லிட்டர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு ஊரையும் பார்ப்போம்.

லாலாகுடாவில் இலவசம், டேங்கரில் விலை

1908இல் மூசி நதி ஹைதராபாத்தை மூழ்கடித்தது. அதன் பிறகு வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீருக்கும் சேர்த்துக் கட்டியவை உஸ்மான் சாகர் (1920), ஹிமாயத் சாகர் (1927). நகரம் பெருத்ததும் மஞ்சீரா ஆற்றிலிருந்து தண்ணீர் வந்தது. அதுவும் போதாமல் 2004இல் கிருஷ்ணா, 2015இல் கோதாவரி. பைப்பில் இப்போது எந்த ஆறு வந்தாலும் பழைய ஆட்களுக்கு அது ‘மஞ்சீரா தண்ணி’தான். கிருஷ்ணா தண்ணீர் நாகார்ஜுன சாகர் பக்கத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், மேடேறிப் பம்ப் ஆகி வருகிறது. அப்படிச் சுத்திகரித்து, மின்சாரம் செலவழித்து, குடிக்கிற தரத்தில் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு பங்கை நாம் கோப்பைக்குள் ஊற்றுகிறோம்.

2021 ஜனவரியிலிருந்து ஹைதராபாத் குடிநீர் வாரியம் வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லாமல் கொடுக்கிறது. ஏழை வீட்டுக்கு இது பெரிய ஆறுதல், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கழிப்பறையில் 7,500 லிட்டர் போனாலும் 2,700 லிட்டர் போனாலும் பில்லில் வித்தியாசம் தெரியாது. பில்லில் தெரியாத மிச்சத்துக்காகப் பிளம்பரை யார் கூப்பிடுவார்கள்?

விலை தெரிவது கோடையில்தான். வாரியத்துத் தண்ணீர் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், சம்ப்பில் பிடித்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுவார்கள். போர் வற்றினால் டேங்கரைக் கூப்பிட வேண்டியதுதான். வாரியத்தின் வழக்கமான சின்ன டேங்கர் 5,000 லிட்டர். மேலே சொன்ன 4,800 லிட்டர் கிட்டத்தட்ட அந்த டேங்கர் ஒன்று. பத்து ஃபிளாட் உள்ள கட்டடத்தில் எல்லாரும் மாற்றினால் மாதம் ஒன்பது டேங்கருக்குக் குறையாது.

ஆனால் எல்லாரும் மாற்றுவதில்லை, அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. டேங்கர் செலவை மெயின்டெனன்ஸில் சேர்த்துச் சமமாகப் பிரிக்கிறார்கள். ஒரு ஃபிளாட்காரர் மட்டும் சொந்தக் காசில் டூயல் ஃபிளஷ் போட்டால் செலவு முழுக்க அவருடையது, மிச்சத்தில் அவருக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு. வாடகைக்கு இருப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். கோப்பை வீட்டுக்காரருடையது, டேங்கர் காசு குடியிருப்பவருடையது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் ‘தண்ணீரைச் சேமிப்போம்’ என்று லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டிப் பயனில்லை.

கொழும்பில் யுனிட், யாழ்ப்பாணத்தில் கிணறு

கொழும்பு 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் குடிக்கத் தொடங்கிய நகரம். இன்று நகரத்துத் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. மழை பொய்த்த காலத்தில் கடல் உப்பு ஆற்றில் ஏறி வந்துவிடும் என்பதால் அங்கே உப்புத் தடுப்பணை கட்ட வேண்டி வந்தது. ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் தண்ணீர் லேசாகக் கிடைப்பதில்லை.

1975இல் அமைந்த தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை மாதாமாதம் மீட்டர் பார்த்துப் பில் கொடுக்கிறது. 1,000 லிட்டர் ஒரு யுனிட். யுனிட் ஏற ஏற அடுத்த படிக்கு விலையும் ஏறும். 2022 செப்டம்பரிலும் 2023 ஆகஸ்ட்டிலும் கட்டணம் உயர்ந்த பிறகு, “இந்த மாசம் எத்தனை யுனிட்?” என்பது அடுப்படிக் கேள்வியாகிவிட்டது. மாதம் 4,800 லிட்டர் மிச்சம் என்றால் அங்கே ஐந்து யுனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதுவும் கழிவது மேல்படியிலிருந்து, அதாவது வீட்டார் அதிக விலை கொடுக்கும் யுனிட்டுகளிலிருந்து. லாலாகுடாவில் கண்ணுக்குத் தெரியாத அதே மிச்சம் கொழும்பு வெள்ளவத்தையில் பில்லில் எண்ணாக வந்து நிற்கிறது.

கசிவைக் கண்டுபிடிப்பதிலும் இந்த வித்தியாசம் உண்டு. கொழும்பில் நேரடி இணைப்புள்ள வீட்டில், இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் போதும். முள் சுற்றினால் எங்கோ ஒழுகுகிறது. லாலாகுடாவில் மீட்டர் சம்ப்புக்கு முன்னால் நிற்கிறது, தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஓடும். ஆறாவது வீட்டு டேங்க் இரவெல்லாம் ஒழுகினாலும், ‘இன்றைக்கு மோட்டார் ரெண்டு தடவை போட வேண்டியதாப் போச்சு’ என்று வாட்ச்மேன் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடும்.

யாழ்ப்பாணம் இரண்டிலும் சேராது. அங்கே வளவுக்குள் கிணறு, மோட்டார், மேல்தொட்டி. தண்ணீருக்குப் பில் இல்லை, கரண்டுக்கு மட்டும்தான். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது ஊரறிந்த செய்தி. அளவுக்கு மீறி இறைத்தால் அடியில் உள்ள உப்பு மேலே வரும். அதே வளவில்தான் மலக்குழியும் இருக்கிறது. உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து பல கிணறுகளில் நைட்ரேட்டை, லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லைக்கு மேல் கொண்டுபோயிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஃபிளஷ்ஷைக் குறைத்தால் நைட்ரேட் போய்விடாது. குழியை இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 745இன்படி கட்டுவதும் கிணற்றுக்குத் தள்ளி வைப்பதும்தான் அதற்கு வழி. ஆனால் குழிக்குள் குறைந்த தண்ணீர் போனால் கழிவு அங்கே அதிக நேரம் தங்கி நன்றாகப் படியும். மாரி காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் ஏறும்போது குழி பொங்குவதும் குறையும். கொழும்பில் பில்லுக்காகச் செய்வதை யாழ்ப்பாணத்தில் சொந்தக் கிணற்றுக்காகச் செய்ய வேண்டும். தாளையடியில் 2024 ஆகஸ்ட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்த பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. உப்பைப் பிரித்தெடுக்க மின்சாரம் செலவழித்த தண்ணீரைக் கொமட்டில் பத்து லிட்டராக ஊற்றுவது எந்தக் கணக்கிலும் கட்டாது.

செம்பும் சரிவும்

குறைந்த தண்ணீர்க் கழிப்பறை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு பொத்தான் டேங்க்கை ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கடைக்குக் கொண்டுவந்தது உண்மை. அமெரிக்கா 1992இல் சட்டம் போட்டு ஃபிளஷ்ஷை 6 லிட்டருக்கு இறக்கியதும், சிங்கப்பூர் 2009 முதல் புதுக் கட்டடங்களில் டூயல் ஃபிளஷ்ஷைக் கட்டாயமாக்கியதும் உண்மை. ஆனால் பிந்தேஷ்வர் பாடக் 1970இல் பீகாரில் தொடங்கிய சுலப் இயக்கத்தின் இரட்டைக்குழிக் கழிப்பறைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். இலங்கைக் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வலியுறுத்திப் பரப்பிய தண்ணீர்ப்பூட்டுக் கக்கூஸும் செம்பால் ஊற்றிச் சுத்தம் செய்யும் வகைதான். பொத்தானும் டேங்க்கும் வருவதற்கு முன்பே சிக்கனம் நம் கையில் இருந்தது.

அந்தச் சிக்கனத்தின் சூட்சுமம் பீங்கானின் சரிவில் இருக்கிறது. சுலப் பேனின் அடி செங்குத்தாகச் சரியும், வளைகுழாயில் தேங்கும் தண்ணீரின் உயரம் 20 மில்லிமீட்டர்தான். அதனால் ஒரு செம்பு வேகமாக விழுந்தாலே கழிவு தாண்டிவிடும். நகரத்து ஃபிளாட்டில் வைக்கும் சாதாரண ஒரிசா பேனுக்கு அடி தட்டையாக இருப்பதால் அரை பக்கெட் ஊற்றுகிறோம். வெஸ்டர்னிலும் இதே விதிதான். அமெரிக்காவில் 6 லிட்டர் சட்டம் வந்த புதிதில் பல கம்பெனிகள் டேங்க்கைச் சுருக்கினவே தவிர கோப்பையை மாற்றவில்லை. ஒரு முறைக்குப் போகாமல் ஜனங்கள் இரண்டு முறை அழுத்தினார்கள். கோப்பையையும் டேங்க்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைத்த பிறகுதான் 4.8 லிட்டரிலும் சுத்தமாகப் போனது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2021இல் தண்ணீர்ச் சிக்கனக் கழிப்பறைச் சாதனங்களுக்கு ஐ.எஸ். 17650 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. கடையில் கோப்பையின் நிறத்தைக் கேட்பவர்கள் ஒரு ஃபிளஷ்ஷுக்கு எத்தனை லிட்டர் என்பதையும் கேட்கலாம்.

தண்ணீரைக் குறைத்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. ஹைதராபாத் மாதிரிப் பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் அதை ஒதுக்கிவிட முடியாது. குழாய்க்குள் கழிவு நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு படியாது. ஆனால் அந்தக் குழாயில் குளியல் தண்ணீரும் துவைத்த தண்ணீரும் சேர்ந்தே ஓடுகின்றன, கழிப்பறைத் தண்ணீர் அதில் ஒரு பங்குதான். கட்டடத்துக்குள் போகும் கிடைக் குழாய்க்குச் சரியான வாட்டம் வைப்பதுதான் இதில் முக்கியம். அது கொத்தனார், பிளம்பர் கையில் இருக்கிறது. இலங்கையில் கொழும்பையும் இன்னும் சில நகரங்களையும் விட்டால் எல்லாம் குழிதான், அங்கே இந்தக் கவலையே இல்லை.

எதை முதலில் செய்வது

புதுக் கோப்பை வாங்குவதற்கு முன் டேங்க்கின் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரை டேங்க் தண்ணீரில் போட்டு, அரை மணி நேரம் யாரும் அழுத்தாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடியில் உள்ள வாஷர் தேய்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு 100 மில்லி ஒழுகினாலே நாளுக்கு 144 லிட்டர், மாதத்துக்கு 4,320 லிட்டர். டூயல் ஃபிளஷ் போட்டு மிச்சப்படுத்துவதில் பெரும்பகுதியை ஒரு வாஷர் தின்றுவிடுகிறது. அதை மாற்ற ஆகும் செலவோ சொற்பம்.

அடுத்தது கொள்ளளவு. பழைய 10 லிட்டர் டேங்க்கில் மிதவையைச் சற்றுத் தாழ்த்தலாம், அல்லது தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே நிறுத்தலாம். செங்கல் வேண்டாம், கரைந்து வால்வை அடைக்கும். புதுச் சிறு டேங்க்கில் இந்த வேலையே கூடாது. கோப்பை மாற்றுவது கடைசிப் படி. அப்போது டேங்க்கும் கோப்பையும் ஒரே செட்டாக வாங்க வேண்டும்.

இரண்டு ஊரையும் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான். பொருளும் தரமும் இந்தியாவில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, அவற்றைத் தேட வைக்கும் விலை இல்லை. இலங்கை நகரங்களில் அந்த விலை பில்லிலேயே இருக்கிறது, யாழ்ப்பாணக் கிணற்றடியில் இல்லை. லாலாகுடா அபார்ட்மென்ட் சங்கங்கள் இலவச 20,000 லிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, டேங்கர் செலவை மட்டும் ஃபிளாட் வாரியாகச் சின்ன மீட்டர் வைத்துப் பிரிக்கட்டும். யாழ்ப்பாணத்தில் கொமட் வைப்பவர்கள் லிட்டரையும் கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்தே அளக்கட்டும். அடுத்த கோடை வருவதற்குள் கேசரிப் பவுடர் சோதனையையாவது இரண்டு ஊர்க்காரர்களும் செய்துவிடுங்கள்.