பணிதலும் தாங்குதலும்

"கடவுள் பார்த்துக்கொள்வார்" என்னும் மொழியை நாம் இரண்டு இடங்களிற் கேட்டிருக்கிறோம். கூலி போதவில்லையென முறையிடும் தோட்டத் தொழிலாளியின் வாயை அடைக்க மேலிருப்போர் அதனைச் சொல்வர். வேறு துணையற்று நிற்பவர் தமக்குத் தாமே அதனைச் சொல்லிக்கொள்வர். சொல் ஒன்றே, பொருள் வேறு. முன்னதைக் கண்டிக்கும் சீர்திருத்தக்காரர் பலர் பின்னதையும் அதனோடு சேர்த்தே தள்ளிவிடுகின்றனர். அது நேரிதன்று என்பதற்கு நம் பேராக் மண்ணின் கதை கூறும் நூலொன்று சான்றாகும்.

அது சிபில் கார்த்திகேசு அம்மையாரின் 'நோ டிராம் ஆவ் மெர்சி'. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் தொண்டாற்றிய இக்கத்தோலிக்கப் பெண்மணி, ஈழத்தமிழ் மரபினரான டாக்டர் கார்த்திகேசுவின் துணைவியார். ஜப்பானியர் வந்தபோது ஈப்போவை விட்டுப் பப்பான் சிற்றூரிற் குடியேறினார். காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்தார். தடைசெய்யப்பட்ட வானொலியையும் ஒளித்து வைத்துக் கேட்டார். 1943-இற் சிறைப்பட்டு, கெம்பெய்த்தாய் என்னும் இராணுவப் போலீசாரால் வதைக்கப்பட்டார். போர் முடிந்தபின் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜார்ஜ் பதக்கமும் பெற்று, 1948 ஜூனிற் காலமானார். நூல் 1954-இல் வெளிவந்தது.

நூற்பெயர், ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' வழக்குக் காட்சியை நினைவூட்டுவது. அணுவளவும் இரக்கமில்லை என்பது அதன் கருத்து. அக்குற்றச்சாட்டு மனிதர்மேலதே, கடவுள்மேலதன்று.

பக்திக் கதைகளில் வழக்கமான முடிவு யாது? அடியவர் வேண்டுவார், இடர் நீங்கும். இங்கோ அம்மையார் செபிக்கிறார், அடி நிற்கவில்லை. முதுகெலும்பு ஊறுபடுகிறது. செபத்தால் வந்தது விடுதலையன்று, வாய் திறவாத உறுதி. தாம் பெயர் சொன்னாற் பிறர் சாவர் என்று அறிந்த உறுதி அது. பவுலடிகள் தம் உடலில் தைத்த முள்ளை எடுக்குமாறு மும்முறை வேண்டியும் அது எடுபடவில்லை. தாங்கும் வலிமையே கிடைத்தது என்று விவிலியம் கூறும். அவ்வலிமை கொடியோனுக்குப் பணிவதற்கன்று, மறுப்பதற்கு.

அவருடைய சிறு மகளை மரத்தில் தொங்கவிட்டுத் தீயைக் காட்டி அச்சுறுத்திய கட்டத்தில் நாம் நூலை மூடிவிட்டோம். ஒரு தாய்க்கு இத்தகைய மௌனம் தகுமோ என்ற வினாவுக்கு விடை எளிதன்று. குழந்தை பிழைத்தது. ஆயினும் அதனை நம்பிக்கைக்குக் கிடைத்த பரிசென மேடையிற் பேசுதல் தகாது. பிழையாத குழந்தைகளின் தாய்மாரும் செபித்தவரே.

குறையும் உண்டு. இது மருத்துவர் இல்லத்திலிருந்து சொல்லப்படும் கதை. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த பல்லாயிரம் தோட்டத் தமிழர் இதன் நாயகரல்லர். அவர்கள் எந்தத் தெய்வத்தை எப்பெயரால் அழைத்தனர் என்பதை எழுதிவைக்க அவர்களுக்குக் காகிதமும் இல்லை, பதிப்பகமும் இல்லை.

ஆங்கிலப் பள்ளியிற் படித்த நம்போன்ற கிராணிமார் இந்நூலைப் படித்துக் கண்கலங்கினாற் கடமை தீர்ந்துவிடாது. கணக்கு மேசைக்கு இப்பால் இருந்துகொண்டு, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று நாமும் சொன்னதுண்டு. துன்புறுவோன் தன் நெஞ்சுக்குச் சொல்லும்போது அது விசுவாசம். துன்பத்தை நீக்கக்கூடியவன் அவனுக்குச் சொல்லும்போது அது கைகழுவல். பிலாத்துவும் கைகழுவினான்.