குடமும் கணக்கும்

சோழர் காலத்தைப் பற்றி நம்மில் பலருக்கு உள்ள ஞானம் தொடர்கதைகள் மூலம் வந்ததுதான். அதில் குற்றமில்லை. ஆனால் தொடர்கதைக்கு ராஜா வேண்டும், குதிரை வேண்டும், சதி வேண்டும். ஊர்ச்சபை வேண்டாம். எங்கள் சரித்திர நாவல்களின் பெரிய குறை இதுவே என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் வாழப்பாடிப் பக்கத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால், மேடையில் யாராவது ஒருவர் உத்திரமேரூரை இழுத்துக்கொண்டு வருவார். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓட்டுப் போட்டவர்கள் நாம் என்பார். கைதட்டல் விழும். சாசனத்தை யாரும் படித்ததாகத் தெரிவதில்லை.

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-ல் வெளியிட்ட சோழர் ஆட்சிமுறை ஆராய்ச்சி நூல் அதை விரிவாகப் பேசுகிறது. முதல் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய சாசனங்கள் அவை. ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து வாங்கவேண்டும். ஆகவே அது ஓட்டு அல்ல, சீட்டு.

குடத்தில் யார் பெயர் இருந்தது? அது ஒரு பிராமணர் ஊர். இறை செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, இத்தனையும் வேண்டும். உழுதவன் பெயர் இல்லை. பெண் பெயர் இல்லை. 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியதன் நியாயம் இங்கே விளங்குகிறது. அதே மாதம் 22-ந் தேதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் கிராமப் பஞ்சாயத்து அரசியல் சட்டத்தில் 40-வது ஷரத்தாக இடம் பெற்றது. அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். 1992-ல் வந்த 73-வது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமாவது உண்டு என்றது. 2016-ல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. குடம் ஒதுக்கியவர்களைச் சட்டம் உள்ளே அழைத்தது. பழமையிடமிருந்து விலகியதும் நம் சரித்திரம்தான்.

என்றாலும் அந்தச் சாசனத்தில் ஒரு விதி என்னைப் பிடித்து நிறுத்துகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்குக் குடத்தில் இடமில்லை. அவன் தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் யாருக்கும் இல்லை. பழைய ஆதென்ஸிலும் பதவி முடிந்தவன் கணக்கு ஒப்பிக்கவேண்டும். ஆனால் மைத்துனன் வரையில் யோசித்தவர்கள் நம்மவர்களே! இதை எழுதியவர்களுக்கு ஊர் தெரியும். பினாமி என்ற வார்த்தை வருவதற்கு முன்பே அந்த ஆசாமியைத் தெரியும்.

மாமனார் செய்ததற்கு மருமகனைத் தண்டிப்பது நியாயமா என்று இன்று கேட்போம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதிகாரத்தில் இருப்பவனை நம்பாதே என்ற அந்தச் சந்தேகம் இருக்கிறதே, மேடைப் பெருமையைவிட நாம் வைத்துக்கொள்ள வேண்டிய சொத்து அதுதான்.

கதைக்கும் அங்கேதான் விஷயம் இருக்கிறது. குடத்தைத் தூக்கிக் காட்டும் நாளில், மாமனார் கணக்குக் காட்டாததால் பெயர் விடுபட்ட மருமகன் ஒருவன் சபையின் ஓரத்தில் நின்றிருப்பான். அன்றிரவு அவன் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்? அதை எழுத ராஜா வேண்டாம், குதிரையும் வேண்டாம்.