தொடக்கம் கொடுத்தலும் முடிவு கொடுத்தலும்: சிறுகதைத் தூண்டுபொருள் பற்றி ஒரு நோக்கு

எழுத்தாளர் சிலர் கூடியிருந்து, ஒருவர் முன்வைக்கும் சொல்லையோ பொருளையோ காட்சியையோ பற்றுக்கோடாகக் கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு சிறுகதை எழுதிவந்து வாசிக்கும் முறையினை நம் விமர்சகர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இலக்கியம் அகத்தூண்டலாற் பிறப்பது. பிறர் கொடுத்த பொருளுக்கு எழுதுவது பயிற்சியேயன்றிப் படைப்பாகாது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணம் தமிழிலக்கிய வரலாற்றோடு பொருந்துவதன்று. பொருள் கொடுக்கப்பட்டதா என்பதைவிட, கொடுக்கப்பட்டது தொடக்கமா முடிவா என்பதே முதன்மையான வினாவாகும். நிந்தவூர் முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களின் எழுத்து முயற்சிகளை மனங்கொண்டு இவ்வினாவை ஆராய்தல் பயனுடைத்து.

ஐங்குறுநூறு, ஐந்து புலவர் ஐந்திணைக்கும் நூறு நூறாகப் பாடிய தொகை. ஒவ்வொரு நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஓரம்போகியாரின் மருதத்தில் களவனும் (நண்டு) எருமையும், அம்மூவனாரின் நெய்தலில் சிறுவெண்காக்கையும் வெள்ளாங்குருகும் பத்துக்களுக்குப் பெயராகின்றன. வெள்ளாங்குருகுப் பத்தின் பத்துப் பாடல்களும் ஒரே காட்சியுடன் தொடங்குகின்றன: குருகின் குஞ்சு இறந்ததென அறிந்து நாரையொன்று காணச் செல்கின்றது. அதன்பின் பேசப்படும் நிலைமை பாட்டுக்குப் பாட்டு வேறுபடுகின்றது. தொடக்கம் பொது, முடிவு திறந்தது.

இதற்கு மறுதலையான மரபும் நம்மிடமுண்டு. ஈற்றடியைக் கொடுத்துப் பாட்டை முடிக்கச் செய்யும் சமஸ்யை அது. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகத்தின் பெயரோடு வழங்கும் தனிப்பாடல்கள் பல இத்தகைய சூழலிற் பிறந்தனவாகவே சொல்லப்படுகின்றன. இங்கே கேட்போர் வியப்பது, குறித்த முடிவைப் புலவன் எட்டிய சாமர்த்தியத்தையே. சமஸ்யை சொல்லாற்றலை வளர்க்கும். ஆனால், எழுதுமுன் அறிந்திராத ஒன்றினை எழுதுவோனுக்கு அது காட்டுவது அரிது.

பிறமொழி அனுபவமும் இவ்வேறுபாட்டினை உறுதிசெய்கின்றது. கதை எழுதுவது எவ்வாறு என்ற பேச்சில், மேசைமீதிருந்த சாம்பற் கிண்ணத்தை எடுத்துக்காட்டி, வேண்டுமாயின் நாளையே இதைப்பற்றி ஒரு கதை உண்டு எனச் செக்கோவ் கூறியதைக் கொரலெங்கோ பதிவுசெய்துள்ளார். 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் எனப் பைரன் விடுத்த அழைப்பே மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கு (1818) வித்தாயிற்று. இத்தாலிய இடதுசாரி எழுத்தாளர் ஜியானி ரொடாரி 1973இல் வெளியிட்ட ‘கற்பனையின் இலக்கணம்’ என்னும் நூலில், ‘நாய்’, ‘அலுமாரி’ போன்ற தொடர்பற்ற இரு சொற்களை அருகருகே வைத்துக் கதை பிறப்பிக்கும் முறையை விளக்கினார். இவர்களுள் எவரும் கதையின் முடிவை முன்கூட்டி விதிக்கவில்லை.

இவ்வளவுகோலால் நமது முற்போக்கு இயக்கத்தையும் அளத்தல் தகும். 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், 1959 முதல் 1961 வரை ‘தினகரன்’ ஆசிரியராயிருந்த க. கைலாசபதியும் முன்னெடுத்த தேசிய இலக்கியக் கோட்பாடு, ஒருவகையில் நாடளாவிய தூண்டுபொருளே. உன் மண்ணை எழுது, உன் மக்களின் பேச்சில் எழுது என அது கேட்டது. இது தொடக்கம் கொடுத்தல். கிழக்கின் முஸ்லிம் கிராமங்கள் அச்சேறியதற்கு அவ்வழைப்பு உருவாக்கிய சூழலும் ஒரு காரணம். மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் நிந்தவூரின் எஸ். முத்துமீரானும் தத்தம் ஊர்மொழியினைக் கதைக்குள் கொணர்ந்தனர். முத்துமீரான் அம்மக்களின் நாட்டார் பாடல்களையும் வாய்மொழிக் கதைகளையும் தொகுத்தவருமாவர். கேட்டலும் எழுதலும் அவரிடத்து ஒரே பணியின் இரு கூறுகள்.

ஆயின், அதே இயக்கச் சூழலில் முடிவு கொடுக்கும் வழக்கமும் வேரூன்றியது. இறுதிப் பந்தியில் எழுச்சி, மனமாற்றம், விடியல் என்பன எதிர்பார்க்கப்பட்டன. சிறுகதை சமஸ்யையாயிற்று. கருத்துச் சரியாயிருந்தும் கதை உயிரற்றுப் போனதன் காரணம் இதுவே. பிழை அரசியலைக் கொண்டமையில் அன்று. அதனை ஈற்றடியாக்கியமையில் உளது.

இனி நிந்தவூருக்கு வருவோம். கிழக்கே கடலும் மேற்கே வயலுமாய், நெய்தலும் மருதமும் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர் இது. இங்கொரு வாசகர் வட்டத்திற்கு ‘வறுமை’ எனவோ ‘ஆழிப்பேரலை’ எனவோ பொருள் கொடுப்பின், எழுதுவோன் பேனா எடுக்குமுன்னரே முடிவை அறிந்திருப்பான். அதற்குப் பதிலாக ‘சாவி’ எனக் கொடுத்துப் பார்க்கலாம். இக்கரையில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வது. 2004 டிசெம்பர் 26இல் கடல் வீடுகளைக் கொண்டுபோயிற்று. மறுஆண்டு கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென எல்லை விதிக்கப்பட்டது. வீடில்லாத சாவி யாருடைய கையில் இருக்கின்றது? மகளின் கையிலா, அவளைப் பெண்பார்த்துச் சென்றவரின் நினைவிலா? கடல், சட்டம், சீதனம் மூன்றும் அச்சிறு பொருளிற் சந்திக்கின்றன. எவரும் முடிவு சொல்லிவிடவில்லை.

அவ்வாறே ‘பொலி’ என்னும் சொல். களவெட்டியில் நெல்லைக் குறிக்க வழங்கும் சொல் இது. இதனைப் போடியாரின் மகனும், முல்லைக்காரனின் மகனும், கதிர் பொறுக்கப் போன பெண்ணின் மகளும் தனித்தனியே கதையாக்கி, ஒரே மாலையில் வாசிப்பராயின், அங்கு வெளிப்படுவது நடை வேறுபாடு மட்டுமன்று. குவியல் யாருக்குப் பெருகிற்று, யார் அளந்தார், யார் வெறுங்கடகத்தோடு திரும்பினார் என்பன கதைகளுக்கிடையே தாமே புலப்படும். கோட்பாட்டாளர் வெளியிலிருந்து கொடுக்க விரும்பிய முடிவினை, வட்டத்தினர் தம் கதைகளை ஒப்புநோக்கித் தாமே கண்டடைவர். தனித்து எழுதுபவனுக்குக் கிட்டாத பயன் இது.

வெறும் சொல்விளையாட்டாகச் சுருங்கும் ஆபத்து இம்முறையிலும் உண்டு. அனுபவத்திற் கால் பதியாத தூண்டுபொருள் சாதுரியத்தையே விளைக்கும். ஆதலின், பொருளைத் தெரிவோர் ஊரைக் கற்றல் வேண்டும்; வாசிப்போர் பாராட்டோடு நில்லாது ஒப்பிட்டு விவாதித்தல் வேண்டும்; எவரது கதை வட்டத்தின் எதிர்பார்ப்பை மீறிற்றோ அதனை முதலில் எடுத்துப் பேசுதல் வேண்டும். குருகின் குஞ்சு இறந்ததென்று மட்டும் சொல்லிவிட்டு, எஞ்சியதை எழுதுவோரிடம் விடும் துணிவே இன்றைய இலக்கிய வட்டங்களுக்குத் தேவையானது.