பக்கத்தில் உட்காரும் வேலை

வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வந்து ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு ஒரு கொடுமை நேர்ந்தால், அம்மாவோ அக்காவோ பக்கத்தில் இருப்பதில்லை. அப்போது அவளோடு வந்து உட்காருபவர், அரசின் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையப் பணியாளர். அவருடைய பக்குவத்தின் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

நல்ல பணியாளர் எடுத்த எடுப்பில் பேனாவைத் திறப்பதில்லை. தண்ணீர் கொடுத்து, "சாப்டியாம்மா?" என்பார். அழுதால் அழவிடுவார். "அந்த நேரத்துல ஏன் வெளியே போன?" என்ற கேள்வி அவர் வாயில் வரவே வராது. அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே குறித்துக்கொள்வார். காவல் நிலையம், மருத்துவமனை, சட்ட உதவி என்று அலையும்போது கூடவே இருப்பார்.

வழக்கு நீதிமன்றம் வந்தால் அவளே சாட்சி. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்று, நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மிக நல்ல தீர்ப்பு. ஆனாலும் சாட்சிக் கூண்டேறும் நாளில் அவள் குரல் நடுங்காமலிருக்க, பழகிய முகம் ஒன்று எதிரே தெரிய வேண்டும்.

பெண்களுக்கான உதவி எண் 181 கட்டணமில்லாதது; 24 மணி நேரமும் இயங்குகிறது. விடுதியில் இருக்கும் உங்கள் மகளின் கைபேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.