நயம் ஓர் எண்ணன்று: திரான்சிற்றர் விரியலாக்கியின் மீடிறன் துலங்கலும் நமது பாட எழுத்தும்

அறிவியலைத் தமிழில் எழுதுவோரின் முயற்சிகளை மதிப்பிடும்போது, கலைச்சொற்களின் பொருத்தத்தையே நாம் பெரும்பாலும் அளவுகோலாகக் கொள்கின்றோம். சொல் தமிழாக அமைந்துவிட்டால் விளக்கமும் தமிழில் நிகழ்ந்துவிட்டது எனக் கருதிவிடுகின்றோம். இக்கருத்து எத்துணைப் பிழையானது என்பதைச் சிறியதொரு பாடப்பகுதியைக் கொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொண்ட பகுதி, இருமுனைவுத் திரான்சிற்றர் விரியலாக்கியின் மீடிறன் துலங்கல். பெய்யப்படும் சைகையின் மீடிறன் மாற, சுற்றின் நயம் எவ்வாறு மாறுகின்றது என்பதே இதன் பொருள்.

அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் மாணவர் உயர்தரப் பௌதிகவியலைத் தமிழிலேயே கற்கின்றனர். பின்னர் அவர்களுட் சிலர் ஒலுவிலில் 1995ஆம் ஆண்டு தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துக்கோ, மொறட்டுவைக்கோ, பேராதனைக்கோ செல்கின்றனர். அங்கே பயிற்றுமொழி ஆங்கிலம். தமிழில் ஓர் எண்ணாகக் கற்ற நயம், ஆங்கிலத்தில் வளைகோடாக அவர்முன் வந்து நிற்கின்றது. இவ்விடைவெளியை மொழி மாறியதன் விளைவென்றே பலரும் கருதுவர். விளக்கம் முன்னரே குறைப்பட்டிருந்தது என்பதே நமது வாதம்.

மாணவர் கையில் புழங்கும் பாடக்குறிப்புகளில் பொதுக்காலி விரியலாக்கி பெரும்பாலும் ஒரே முறையிலேயே விளக்கப்படுகின்றது. அடி, காலி, சேகரிப்பான் என்னும் மூன்று முனைகளும் காட்டப்படும். கோடலுறுத்தும் தடைகள் கணிக்கப்படும். சுமைத்தடையிலிருந்து வோல்ற்றளவு நயம் பெறப்படும். விடை 100 என வரும். சுற்றுப்படத்தில் மூன்று கொள்ளளவிகள் இருக்கும். அவை நேரோட்டத்தைத் தடுத்து ஆடலோட்டத்தைச் செல்லவிடும் என ஒரு வரி சொல்லப்படும். அவ்வரியோடு அவற்றின் கதை முடிந்துவிடும். எந்த மீடிறனுள்ள ஆடலோட்டம், எவ்வளவு செல்லும் என்னும் வினா எழுப்பப்படுவதில்லை.

அவ்வினாவை நாம் எழுப்புவோம். சேகரிப்பான் ஓட்டம் 1 மில்லியம்பியர், ஓட்ட நயம் 200, காலித்தடை 1 கிலோ ஓம், சைகை முதலின் தடை 5 கிலோ ஓம் எனக் கொள்வோம். கோடலுறுத்தும் தடைகளின் சிறு விளைவை விட்டுவிடுவோம். திரான்சிற்றரின் பெய்ப்புத் தடையும் 5 கிலோ ஓம் அளவினதாக அமையும். ஆகவே பெய்ப்புப் பக்கத்துக் கொள்ளளவி காண்பது 10 கிலோ ஓம் தடையை. 0.3 மைக்ரோபரட் அளவுள்ள கொள்ளளவியே 50 ஹேர்ட்ஸ் வரை இறங்கிச் செல்லப் போதுமானது. காலித்தடைக்குக் குறுக்கே நிற்கும் கொள்ளளவியின் நிலை வேறு. அடிப்பக்கத்திலுள்ள 10 கிலோ ஓம், காலியிலிருந்து நோக்கும்போது 201ஆல் வகுபட்டு ஏறத்தாழ 50 ஓமாகச் சுருங்கித் தோன்றுகின்றது. எனவே அவ்விடத்தில் 100 மைக்ரோபரட் இட்டால் எல்லை மீடிறன் ஏறத்தாழ 34 ஹேர்ட்ஸ். 10 மைக்ரோபரட் இட்டால் அது 340 ஹேர்ட்ஸ் அளவுக்கு ஏறிவிடும். எல்லை மீடிறன் என்பது, நயம் தன் முழு அளவில் 0.707 பங்காகவும் வலு அரைப்பங்காகவும் குறையும் இடம்.

இந்த வேறுபாடு வெறுங்கணக்கு அன்று. ஆண்குரலின் அடிப்படை மீடிறன் பொதுவாக 100 முதல் 150 ஹேர்ட்ஸ் வரையிலானது. 10 மைக்ரோபரட் இட்ட சுற்றில் 120 ஹேர்ட்ஸ் சைகைக்கு நயம் மூன்றிலொரு பங்காகிவிடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கொலி மெலிந்து கீச்சென ஒலிப்பதை இக்கரையோரத்தார் யாவரும் கேட்டிருப்பர். அதற்குக் கூம்பு வடிவ ஒலிபெருக்கியும் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மின்பகு கொள்ளளவி வெப்பத்தால் உலர்ந்து தன் கொள்ளளவத்தை இழந்தபோதும் இதே விளைவு நேரும். வானொலி திருத்துநர் பழைய கொள்ளளவியைக் கழற்றிப் புதியதை இட்டவுடன் குரல் கனத்துவிடுவதற்குக் காரணம் இதுவே. கைத்தொழிலார் செவியால் அறிந்த உண்மையைப் பாடக்குறிப்பு எழுத்தால் உரைக்கவில்லை.

மேல் எல்லையில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே தடை செய்யும் கொள்ளளவி படத்தில் வரையப்படுவதே இல்லை. அது திரான்சிற்றரின் உள்ளேயே உள்ளது. அடிக்கும் சேகரிப்பானுக்கும் இடையே 3 பிக்கோபரட், அடிக்கும் காலிக்கும் இடையே 20 பிக்கோபரட் எனக் கொள்வோம். நயம் 100 எனின், அடி சிறிது உயரும்போது சேகரிப்பான் அதன் நூறு மடங்கு தாழ்கின்றது. ஆகவே இடையிலுள்ள 3 பிக்கோபரட், பெய்ப்புப் பக்கத்தில் 101 மடங்காகி 303 பிக்கோபரட்டாகத் தோன்றுகின்றது. ஜோன் மில்லர் என்பார் வெற்றிடக் குழாய்களை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டு வெளிப்படுத்திய இவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மொத்தம் 323 பிக்கோபரட்டும், அது காணும் 2.5 கிலோ ஓம் தடையும் சேர்ந்து மேலெல்லையை ஏறத்தாழ 200 கிலோஹேர்ட்ஸில் நிறுத்திவிடுகின்றன. இதே அளவுகளைக் கொண்ட திரான்சிற்றரின் ஓட்ட நயம் ஒன்றாகக் குறையும் மீடிறனோ ஏறத்தாழ 277 மெகாஹேர்ட்ஸ்! கருவியின் ஆற்றலையும் சுற்றின் ஆற்றலையும் ஒன்றெனக் கொள்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குரலை விரிப்பதற்கு 200 கிலோஹேர்ட்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் வானொலிப் பெட்டியின் இடைநிலைக் கட்டத்தில் வழக்கமாகப் பயன்படும் 455 கிலோஹேர்ட்ஸில் இச்சுற்று தன் நயத்தில் ஐந்தில் இரண்டு பங்கையே தரும். சுமையை ஐந்திலொன்றாகக் குறைத்தால் நயம் 20ஆகத் தாழும். மேலெல்லை 770 கிலோஹேர்ட்ஸ் அளவுக்கு உயரும். ஒன்றைக் கொடுத்தே மற்றொன்றைப் பெறவேண்டும். விரியலாக்கி அமைப்பதன் சாரமே இக்கொடுக்கல் வாங்கலில்தான் உள்ளது. 'நயம் 100' என எழுதி முடிப்பவர் இச்சாரத்தை மறைத்துவிடுகின்றார்.

இனிச் சொற்களை நோக்குவோம். ஈழத்துக் கலைச்சொற்கள் இப்பொருளுக்கு இடையூறானவை அல்ல. சில இடங்களில் தமிழகச் சொற்களினும் சிறந்தவை எனலாம். தமிழகத்தார் 'பெருக்கி' என்பர். அச்சொல் மாறாத ஓர் எண்ணால் பெருக்கும் கணக்கையே நினைவூட்டுகின்றது. நமது 'விரியலாக்கி' அந்தப் பிழைக்கு இடந்தருவதில்லை. 'அதிர்வெண்' என்பது அதிரும் பொருளொன்றை வேண்டி நிற்கும். மீளும் இயல்பைச் சுட்டும் 'மீடிறன்' மின்சைகைக்கு நன்கு பொருந்துகின்றது. ஆயினும் அதிலுள்ள 'திறன்', நாம் வலு என்பதைத் தமிழகத்தார் திறன் என வழங்குவதால், இருகரை நூல்களையும் படிப்பவரை மயக்கக்கூடும். 'காலி' என்பதோ காலுதல் என்னும் வினையடியாகப் பிறந்த அழகிய சொல். ஆனால் கல்முனை மாணவன் செவியில் அது வெறுமையையும் தென்னிலங்கை நகரொன்றையுமே முதலில் உணர்த்தும். காலுதல் என்றால் உமிழ்தல் என்று ஆசிரியர் ஒருமுறை கூறினால் இம்மயக்கம் தீரும். கூறாதவரை, தமிழ்ச்சொல்லும் அயற்சொல் போன்றே மனனம் செய்யப்படும்.

'துலங்கல்' என்னும் சொல் நமக்குத் தனி வாய்ப்பொன்றை அளிக்கின்றது. தூண்டலும் துலங்கலும் உயிரியல் பாடத்தில் மாணவர் நன்கறிந்தவை. தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையே காலம் கழிகின்றது என்பதையும் அவர் அறிவர். கொள்ளளவி ஏற்றம் பெறவும் காலம் வேண்டும். சைகை அதனினும் விரைந்து மாறினால் சுற்று பின்தங்கும். இவ்வாறு விளக்கினால் மேலெல்லை மாணவருக்கு உடனே புலனாகும். சொல் ஆயத்தமாக இருக்கின்றது. அதனைப் பயன்படுத்தும் விளக்கமே இல்லை.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கற்கவிருப்பதைத் தமிழில் எதற்கு எழுதவேண்டும் எனச் சிலர் வினவுவர். உயர்தரம் கற்ற எல்லாரும் பல்கலைக்கழகம் புகுவதில்லை என்பது முதல் விடை. புகாதவருக்குத் தமிழ்க் குறிப்பே இறுதிக் குறிப்பு. புகுந்தவரும் தெளிந்த கருத்தைக் கொண்டு சென்றால் மொழிமாற்றம் அவருக்குச் சுமையாகாது என்பது இரண்டாம் விடை.

இக்கரையோரத்துக்கு இது புதிய மரபுமன்று. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே உள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகள் அறிவியற் பட்டம் பெற்றவர். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர். 1947ஆம் ஆண்டு சூன் மாதம் அரங்கேறிய அவரது யாழ் நூல், நரம்பின் ஒலியைக் கணக்கால் ஆராய்ந்த தமிழ் நூல். அவ்வாண்டு திசெம்பரிலேயே பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் திரான்சிற்றரை இயக்கினர். அடிகள் சொற்களைத் தந்ததோடு அமையாது, கணக்கையும் தமிழிலேயே நடத்திக் காட்டினார். நாம் அவரிடமிருந்து கற்கவேண்டியது அதுவே.

ஆகவே பாட எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. நயம் கூறும் இடமெல்லாம் அது எந்த மீடிறன் வீச்சுக்கு உரியது என்பதையும் கூறுக. ஒவ்வொரு கொள்ளளவியின் அளவுக்கும் காரணம் காட்டுக. சைகைப் பிறப்பாக்கியின் மீடிறனை 20 ஹேர்ட்ஸ் முதல் படிப்படியாக உயர்த்திப் பயப்பை அளந்து வளைகோடு வரையும் செய்முறை ஒன்றைச் சேர்க்குக. அவ்வளைகோட்டைத் தன் கையால் வரைந்த மாணவன் எம்மொழியில் அதனை மீண்டும் காணினும் அடையாளம் கண்டுகொள்வான்.