இரண்டு எசமான், ஒரு தலைமையாசிரியர்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டம் போடுகிறார். தேர்ச்சி விழுக்காடு குறைந்த தலைமையாசிரியர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளித் தலைமையாசிரியரும் நிற்கிறார். கணக்கு வாத்தியாரே இல்லை என்று சொன்னால், ‘அது உங்க டிபார்ட்மெண்ட் விஷயம்’ என்று பதில் வருகிறது. அந்த டிபார்ட்மெண்டில் இருக்கிற மாவட்ட நல அலுவலரோ பெரும்பாலும் வருவாய்த் துறையிலிருந்து வந்தவர். பட்டா தெரியும், நில எடுப்பு தெரியும், வகுப்பறை தெரியாது. கூரை ஒழுகினால் தாட்கோவுக்கு எழுதணும். கேள்வி கேட்க இரண்டு பேர். பதில் சொல்ல ஒருத்தருமில்லை.

ஊர்ப் பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், சென்னை மாகாணத்தின் தொழிலாளர் துறை சேரிகளில் தனிப் பள்ளிகள் திறந்தது. அன்றைக்கு அது நமக்குக் கிடைத்த கதவு. இன்று அதுவே கல்வித்துறை கைகழுவிக்கொள்ள ஒரு சாக்கு.

2023-24 வரவு செலவு அறிக்கையில், எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று அறிவித்தார்கள். தலித் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. ஒரே எசமான் ஆகிவிட்டால் எல்லாம் சரியாப் போயிடுமா? அந்த அலுவலகங்களில் சாதி இல்லையா?

நாங்குநேரியில் தலித் மாணவனும் அவன் தங்கையும் 2023 ஆகஸ்டில் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்டது நீதிபதி சந்துரு குழு. அந்தந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியாரை அங்கேயே கல்வி அலுவலராகவோ தலைமையாசிரியராகவோ அமர்த்தக் கூடாது என்று 2024 ஜூனில் அது பரிந்துரைத்தது. நாற்காலிக்குச் சாதி உண்டு என்பதை அரசுக்கு எழுத்தில் சொன்ன அறிக்கை அது. அந்த அளவில் வரவேற்கிறோம். ஆனால் அலுவலரை அடுத்த மாவட்டத்துக்கு மாற்றினால் டிரான்ஸ்பர் ஆர்டரோடு சாதியும் கூடவே போகும். பள்ளிப் பெயரிலுள்ள சாதிச் சொல்லை எடுக்கவும் அறிக்கை சொல்கிறது. போர்டை மாத்தினா கணக்கு வாத்தியார் வந்துடுவாரா?

யாருக்குக் கீழே பள்ளி என்பதைவிட, அலுவலர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே நம் கேள்வி. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். காலிப் பணியிடத்தையும் ஒழுகும் கூரையையும் அக்குழுவில் தீர்மானமாகப் போட்டு இரண்டு அலுவலகத்துக்கும் கொடுக்கட்டும். தலைமையாசிரியரைத் தனியாளாக நிறுத்தி அதட்டுவது சுலபம். சேரியே திரண்டு எழுத்தில் கேட்டால், அலுவலரும் எழுத்தில்தான் பதில் சொல்லியாகணும்.