ஹோசங்காபாத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டோம்?

மாணவர்களிடம் அறிவியல் ஆர்வத்தை வளர்ப்பது எப்படி என்று நம் ஊரில் பேச்சு எடுத்தால், பத்து நிமிடத்துக்குள் அரவிந்த் குப்தா பெயர் வந்துவிடும். வரவேண்டிய பெயர்தான். ஐஐடி கான்பூரில் படித்து, டெல்கோவில் வேலைக்குச் சேர்ந்தவர், 1978ல் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்துக்குப் போனார் (இப்போது அதற்கு நர்மதாபுரம் என்று பெயர்). வாரச் சந்தையில் கிடைத்த சில்லறைப் பொருட்களை வைத்து அங்கே செய்ய ஆரம்பித்த பொம்மைகள்தான் பின்னால் உலகம் சுற்றின. 2018ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் அவர் எதற்காக அந்த ஊருக்குப் போனார், அவர் போவதற்கு முன்பே அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாம் கேட்பதே இல்லை. பொம்மையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

முதலில் பொம்மையையே கொஞ்சம் பார்ப்போம். சைக்கிள் வால்வு டியூபைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குங்கள். மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சிகளை அதன் இரண்டு பக்கமும் செருகுங்கள். மூன்று குச்சி, மூன்று துண்டு, ஒரு முக்கோணம். அழுத்திப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து ஒரு மூலையைத் தள்ளுங்கள், சாய்சதுரமாகப் படுத்துவிடும். பாலத்திலும் மின்கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணம் என்று இதை வைத்து ஆசிரியர் சொல்லிவிடலாம். பெரும்பாலான வகுப்பில் பாடம் இதோடு முடிந்துவிடும். கைதட்டல், போட்டோ, அடுத்த பொம்மை.

ஆனால் நிஜமான சுவாரஸ்யம் அதற்கு அடுத்த நிமிடத்தில்தான் இருக்கிறது. சதுரம் சாய்கிறதே, குறுக்கே ஒரு குச்சி வைத்தால் நிற்குமா என்று ஒரு குழந்தை கேட்கும். வைத்துப் பார்க்கும். எட்டாது! அதே நீளத் தீக்குச்சி மூலைக்கு மூலை பத்தாது. விடாப்பிடியாக இழுத்துச் செருகினால் குச்சி உட்காரும், ஆனால் சதுரம் போய்விடும். ஒட்டினாற்போல இரண்டு சமபக்க முக்கோணம் கிடைக்கும். அப்படியானால் சதுரம் சதுரமாகவே நிற்க எவ்வளவு நீளக் குச்சி வேண்டும்? ஒன்றரைக் குச்சியா? அது நீளம் கூடிப்போகிறது. கொஞ்சம் நறுக்கினால்? 1.4 பக்கம் வரும்போது அந்தக் குழந்தை, பெயரே தெரியாமல், பிதாகரஸ் வீட்டு வாசலில் நிற்கிறது. இந்த அரை மணி நேரத்துக்கு ஆசிரியர் சும்மா இருக்கவேண்டும். போர்ஷன் முடியவில்லையே என்று பதறக்கூடாது. ‘இது பரீட்சைக்கு வருமா சார்?’ என்று பின் பெஞ்சில் யாரும் கேட்கக்கூடாது.

அந்தக் கேள்வி எழாத ஒரு ஏற்பாட்டைத்தான் ஹோசங்காபாத்தில் செய்து பார்த்தார்கள். 1972ல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு அமைப்புகள் சேர்ந்து 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பித்த திட்டம் அது. கிஷோர் பாரதியைத் தொடங்கிய அனில் சத்கோபால் மூலக்கூறு உயிரியல் படித்தவர். டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வந்து உழைத்தார்கள். 1978ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982ல் இதற்கென்றே ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்தது.

அவர்களுடைய புத்தகத்தின் பெயர் ‘பால் வைஞானிக்’, குழந்தை விஞ்ஞானி என்று பொருள். அதில் விடை கிடையாது. சோதனை இருக்கும், அதை ஒட்டிக் கேள்வி இருக்கும், விடையைக் குழந்தை தன் நோட்டில் தானே எழுதவேண்டும். நான்கு நான்கு பேராக உட்கார்ந்து செய்வார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள். மனதில் தோன்றும் சந்தேகத்தை எழுதிப்போட ‘சவாலிராம்’ என்று ஒரு கற்பனை ஆள். பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள், பதிலும் போனது.

இதெல்லாம் அழகான விஷயங்கள். வேறு இடங்களிலும் இதுபோல நடந்திருக்கலாம். ஆனால் இந்தத் திட்டத்தின் அசல் கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பது முள்ளும் தீக்குச்சியும் அல்ல, தேர்வு. எட்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கே பிள்ளைகள் புத்தகத்தையும் தங்கள் நோட்டையும் கையில் எடுத்துப் போகலாம். கூடவே செய்முறைத் தேர்வும் உண்டு. இதனால் என்ன ஆகிறது பாருங்கள். வகுப்பில் சோதனை செய்யாமல் விட்ட பையனுக்கு நோட்டு காலி. மனப்பாடம் செய்தவனுக்கு அதனால் லாபம் இல்லை. வருடம் முழுக்கக் கை அழுக்காகச் செய்த வேலைதான் அந்த ஹாலில் கைகொடுக்கும். தேர்வு மாறினால்தான் ஆசிரியர் அந்த அரை மணி நேரம் சும்மா இருக்க முடியும்.

இப்போது நம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வாருங்கள். சமையல் சோடா எரிமலை. சிரிஞ்சில் ஓடும் ஜேசிபி. தெர்மாகோலில் மழைநீர் சேகரிப்பு, பச்சைப் பெயின்ட் அடித்த புல். பாதி மாடல் கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. மீதியில் பாதி அப்பா செய்தது. பிள்ளை பக்கத்தில் நின்று ஒப்பிப்பான். ‘சிரிஞ்சில் தண்ணீருக்குப் பதில் காற்றை விட்டால் ஜேசிபி தூக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்கு யாரும் அதைச் செய்து பார்க்க நேரம் கொடுக்கவில்லை.

2016ல் நிதி ஆயோக் கொண்டுவந்த அடல் டிங்கரிங் லேப் இதைவிட நல்ல எண்ணம். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை, அதில் 10 லட்சம் அமைப்பதற்கு, 10 லட்சம் நடத்துவதற்கு. முப்பரிமாண அச்சு இயந்திரம், சென்சார், ரோபோ செட் எல்லாம் உண்டு. ஏற்கெனவே 10,000 பள்ளிகளில் வந்தாயிற்று, இன்னும் 50,000 அரசுப் பள்ளிகளுக்கு என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு. ஏழைப் பிள்ளை கையில் சென்சார் கிடைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லேப் ஒரு அறையில் இருக்கிறது. மதிப்பெண் பக்கத்து அறையில் இருக்கிறது. மார்ச் மாதம் எந்த அறை பூட்டப்படும் என்று பள்ளிக்கூடம் தெரிந்த யாரும் சொல்லிவிடலாம்.

ஹோசங்காபாத் திட்டத்தில் குறையே இல்லையா? இருந்தது. விடை தராத புத்தகம் நல்ல ஆசிரியர் கையில் வரம். சோம்பல்காரர் கையில் அது வெறும் காகிதம், பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. வழக்கமான பாடப்புத்தகத்தில் படித்தாவது ஏதாவது நிற்கும். இன்னொன்று, எல்லாவற்றையும் குழந்தையே கண்டுபிடிக்க முடியாது. அணு என்ற கருத்துக்கு வர மனித குலத்துக்கே எத்தனை நூற்றாண்டு ஆனது! அதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். செய்து கற்றல் பக்தர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

திட்டம் 2002ல் மாநில அரசால் நிறுத்தப்பட்டது. இந்தப் பிள்ளைகள் பின்னால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பின்தங்குகிறார்கள் என்பது சொல்லப்பட்ட புகார்களில் ஒன்று. அந்தப் பத்தாம் வகுப்புத் தேர்வு என்னவோ பழைய மனப்பாடத் தேர்வுதான். நீச்சல் பழகியவனை ஓட்டப் பந்தயத்தில் விட்டு அளந்த கதை.

சரி, புத்தகம் பார்த்து எழுதும் தேர்வை மட்டும் கொண்டுவந்தால் போதுமா என்றால், சிபிஎஸ்இ அதையும் செய்து பார்த்தது. 2014 வாக்கில் 9, 11ஆம் வகுப்புகளுக்குக் கொண்டுவந்து, 2017-18ல் கைவிட்டது. அதில் படிக்கவேண்டிய பகுதி முன்கூட்டியே பள்ளிக்கு வந்துவிடும். என்ன கேள்வி வரலாம் என்று உட்கார்ந்து யோசித்துப் பயிற்சி கொடுக்க மாதக்கணக்கில் நேரம் இருந்தது. இப்போது 2026-27 முதல் ஒன்பதாம் வகுப்பில் மறுபடியும் வரும் என்று 2025ல் முடிவெடுத்திருக்கிறார்கள். கேள்வித்தாளை யார் எழுதப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஹோசங்காபாத்தில் ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசினார்கள்: எந்தச் சோதனை சொதப்பியது, எந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று. நம் ஆசிரியர்களுக்கு அந்த ஒரு நாளைக்கூட யாரும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.